ஆவடி விஜயந்தாவைத் தகடு தகடாக வீட்டு மேசையில் கட்டுவது எப்படி

கிட் வாங்காமல், அச்சில் வந்த பாகம் ஒன்றுகூட இல்லாமல், வெறும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒரு டாங்கி மாடல் கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டைகர், ஷெர்மன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். அவற்றுக்கு நல்ல கிட்டுகள் ஏராளமாக இருக்கின்றன, வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். கையால் கட்ட வேண்டிய வண்டி நம் ஊரிலேயே பிறந்தது, ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கி. நான் தேடிய வரை சென்னைக் கடை எதிலும் இதற்குக் கிட் கிடைத்ததில்லை. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: இந்த வண்டியின் உடலும் சரி, மேலே சுழலும் டரட்டும் சரி, உருக்குத் தகடுகளை வெட்டி வெல்டு அடித்துச் செய்தவை. டி-55 டாங்கியின் டரட் கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டையாக வார்ப்பில் ஊற்றியது, அதைத் தகட்டில் கொண்டுவருவது பெரும்பாடு. விஜயந்தாவில் அந்தத் தொல்லை கிடையாது. தொழிற்சாலையில் தகடு வெட்டி, சாய்த்து நிறுத்தி, ஓரம் சேர்த்து, வெல்டு அடித்த அதே வரிசையில் நீங்களும் மேசை மேல் செய்துகொண்டு போகலாம். முதல் முறையாகக் கட்டுகிறவருக்கு இதைவிடத் தோதான வண்டி எனக்குத் தெரியவில்லை.

என் பெரியப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எனக்கு இந்த வண்டி மேல் தனிப் பாசம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

கட்டுவதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது, 1963இல் முன்மாதிரி தயாரானது, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி 1965இல் வெளியே வந்தது. பிரிட்டன் பக்கம் இதையே விக்கர்ஸ் எம்.பி.டி. மார்க் 1 என்பார்கள், படம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். 1971 போரில் ஓடிய வண்டி. 1980களில் உற்பத்தி முடிகிற வரை 2,000க்கும் மேல் செய்தார்கள். நான்கு பேர் உள்ளே இருப்பார்கள்: ஓட்டுநர் முன்னால் வலப்பக்கம், டரட்டில் கமாண்டரும் பீரங்கி சுடும் கன்னரும் வலது, குண்டு நிரப்புகிறவர் இடது. இந்த உட்காரும் முறை தெரிந்தால்தான் ஆள் ஏறி இறங்க மேலே இருக்கும் மூடிகளில் எந்த மூடி எந்தப் பக்கம் வரும் என்பது மனதில் நிற்கும், இல்லாவிட்டால் படத்தைத் திருப்பிப் பார்த்து மூடியை மாற்றி ஒட்டிவிடுவோம்.

படம் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. இணையத்தில் விஜயந்தா என்று போட்டிருப்பதெல்லாம் விஜயந்தா கிடையாது. சக்கரத்தை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரம், மேலே சங்கிலியைத் தாங்கும் மூன்று சின்ன உருளை, பின்னால் பல்சக்கரம், முன்னால் பல் இல்லாத சக்கரம் (ஐட்லர்) என்று இருந்தால் நம் வண்டி. ஐந்து சக்கரம், மேலே உருளையே இல்லை என்றால் அது டி-55. ஆறு சக்கரம் இருந்து அவை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தால் அது செஞ்சுரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கி. ஏழு சக்கரம் இருந்து மேலே திறந்த மேடையில் நீளமான பீரங்கி நின்றால் அது விஜயந்தாவின் அடிப்பாகத்தை நீட்டி 130 மி.மீ. பீரங்கி ஏற்றிய கேட்டபுல்ட், அதன் பின்பக்க அளவுகளை எடுத்து இதில் போட்டால் எல்லாம் தப்பாகிவிடும். நான் அப்படி ஒரு படத்தை நம்பி உடல் தகடு முழுவதையும் வெட்டி, ஒட்டும்போதுதான் சக்கரம் எண்ணினேன், ஒரு மாத வேலை போனது.

நேரில் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். மகாராஷ்டிரத்தில் அகில்யாநகரில் (பழைய பெயர் அகமதுநகர்) இருக்கும் குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகத்தில் விஜயந்தா நிற்கிறது, இன்னும் பல ஊர்களில் நினைவுச் சின்னமாக மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். காவலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஆவடியில் தொழிற்சாலைப் பகுதியில் கேமராவைத் தூக்காதீர்கள், அது பாதுகாப்புத் துறை இடம், படம் எடுக்கத் தடை இருக்கிறது. எடுக்கக் கிடைக்கிற இடத்தில் பக்கவாட்டுப் படத்தை எட்ட நின்று ஜூம் போட்டு எடுங்கள். கிட்ட நின்று மொபைலில் எடுத்தால் நடுச்சக்கரம் பெரிதாகவும் ஓரச்சக்கரங்கள் சிறிதாகவும் விழும், அதில் அளவெடுத்தால் மாடல் வயிறு புடைத்த மாதிரி வந்து நிற்கும். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை வண்டி மேல் சாய்த்து வைத்து எடுத்த நாலு படம், சும்மா எடுத்த நாற்பது படத்துக்குச் சமம்.

சரி, கணக்குக்கு வருவோம். 1/35 அளவில், அதாவது உண்மை வண்டியில் 35இல் ஒரு பங்காகக் கட்டுங்கள். அந்த அளவில் ஆள் பொம்மை, ஜெர்ரி கேன், வாளி எல்லாம் கடையில் கிடைக்கும். அதோடு விஜயந்தாவின் பீரங்கி 105 மி.மீ., அதை 35ஆல் வகுத்தால் சரியாக 3 மி.மீ. துளை, இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே பிடிக்கும். உடலின் நீளம் 7.92 மீட்டர், மாடலில் 226 மி.மீ. பீரங்கியை முன்னால் நீட்டி அளந்தால் ஏறக்குறைய 9.7 மீட்டர், அதாவது 278 மி.மீ. பக்கத்தில் வரும். அகலம் 3.17 மீட்டர், மாடலில் 90.5 மி.மீ. ஒரு பக்கச் சங்கிலியின் அகலம் 52 செ.மீ., மாடலில் 15 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சங்கிலி தரையில் படும் நீளம் 4.28 மீட்டர், 122 மி.மீ. இரண்டு சங்கிலிகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 2.53 மீட்டர், 72 மி.மீ. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். மாடலில் 1 மி.மீ. தப்பினால் உண்மை வண்டியில் 35 மி.மீ. தப்பினதாக அர்த்தம். போல்ட் தலையில் அது தெரியாது, சக்கரம் நிற்கும் இடத்தில் தெரிந்துவிடும்.

மீதி அளவெல்லாம் படத்திலிருந்துதான். நேர்ப் பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் உடலின் நீளம் 180 மி.மீ. வருகிறது, சக்கரத்தின் விட்டம் 15 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது 15ஐ 226ஆல் பெருக்கி 180ஆல் வகுத்தால் 18.8, அதுதான் மாடலில் சக்கரம். (இது முறையைக் காட்டச் சொன்ன கணக்கு, உங்கள் அளவை உங்கள் படத்திலேயே எடுங்கள்.) ஒரே படத்தை நம்பாமல் மூன்று படத்தில் அளந்து ஒத்துப் போகிறதா பாருங்கள். பக்கத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் மூன்றையும் கட்டக் காகிதத்தில் 1/35இலேயே வரைந்து முடிக்கிற வரை கத்தியைத் தொட வேண்டாம். எனக்கு இந்த வரைபடத்துக்கே ஐந்து வாரம் ஆனது, அதில் ஒரு நாள்கூட வீண் என்று நான் நினைக்கவில்லை.

வரைபடத்தில் எல்லாரும் இடறுகிற இடம் சாய்வுத் தகடுகள். முன்பக்கச் சாய்வுத் தகட்டை மேல் தோற்றத்தில் அளந்தால் நீளம் குறைவாகத்தான் தெரியும், ஏனென்றால் அது நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. அதன் உண்மை நீளம் பக்கத் தோற்றத்தில்தான் இருக்கிறது. டரட்டின் பக்கத் தகடுகள் இரண்டு திசையிலும் சாய்ந்திருக்கும், எந்தத் தோற்றத்திலும் உண்மை நீளம் அப்படியே கிடைக்காது, அங்கே பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ்தான் கைகொடுப்பார். கணக்கு பிடிக்காதவர்கள் முதலில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு டரட் செய்து பாருங்கள். ஓரம் சேராத இடத்தில் அட்டையைக் கத்தரித்துத் திருத்தி, சரியாக வந்ததும் பிரித்தால் அதுவே தகடு வெட்ட அச்சு. நான் இப்போதெல்லாம் கணக்கும் போட்டு, அட்டையும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பொருள் வாங்க ஒரு வேலை நாளை ஒதுக்குங்கள், பாரிமுனையில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருப்பவர்கள் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இறங்கினால் அங்கிருந்து எல்லாம் எட்டும் தூரம். முக்கியமான பொருள் ஹிப்ஸ் ஷீட், அதாவது பாலிஸ்டைரீன் தகடு, 0.5, 1, 1.5 மி.மீ. கனங்களில் வேண்டும். போர்டு செய்கிறவர்களிடமும், பிளாஸ்டிக் தட்டு அச்சடிக்கிறவர்களிடமும் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள், மாடல் கடை விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். சன்போர்டு என்கிற நுரைப் பிளாஸ்டிக் பலகை வேண்டாம், அதன் ஓரம் பொரிந்து நிற்கும், சாய்வு சீவ முடியாது. ஆண்டர்சன் தெருவில் கட்டக் காகிதமும் நல்ல அட்டையும். நைனியப்ப நாயக்கன் தெரு ரசாயனக் கடைகளில் வார்ப்புக்கான ரெசினும் சிலிக்கான் ரப்பரும் விசாரியுங்கள். ரிச்சி தெருவில் மெல்லிய செப்புக் கம்பி, சின்ன டிரில் பிட்டுகள், இடுக்கி, அப்புறம் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடும் இழுத்து நீட்டும் ஆன்டெனா இரண்டு. ஆன்டெனா எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பசையில் மூன்று வகை வேண்டும். ஸ்டைரீனோடு ஸ்டைரீன் சேர, தண்ணீர் மாதிரி ஓடும் மாடல் சிமென்ட், டமியா எக்ஸ்ட்ரா தின் போல. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று இணைக்கும், அதனால் அந்த இணைப்பை வெல்டு என்றே சொல்லலாம். உலோகமும் ரெசினும் ஒட்ட ஃபெவிக்விக் அல்லது அரால்டைட். இடுக்கு அடைக்க எம்-சீல். அக்ரிலிக் வேலை செய்கிறவர்கள் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் மாதிரியான திரவமும் ஸ்டைரீனை ஒட்டும், ஆனால் வீட்டுக்குள், ஏ.சி. போட்டு மூடின அறையில் அதைத் திறக்கவே திறக்காதீர்கள். எந்தக் கரைப்பானானாலும் ஜன்னல் திறந்து, மின்விசிறி காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி வைத்து வேலை பாருங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். சென்னை ஈரக்காற்றில் திறந்த ஃபெவிக்விக் சீக்கிரம் கெட்டியாகிவிடும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தால் நாள் தாங்கும்.

வெட்டு வேலையில் விதி ஒன்றுதான்: முழுக்க வெட்டாதீர்கள், கீறி ஒடியுங்கள். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் இரண்டு மூன்று முறை லேசாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து மடக்கினால் கோட்டில் சுத்தமாக உடையும். அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டப் போனால் பிளேடு வழுக்கும், விரல் போகும். ஒரே அளவில் இரண்டு தகடு வேண்டும் என்றால், இடப்பக்கம் வலப்பக்கம் போல, இரண்டையும் டபுள் டேப்பில் சேர்த்து ஒட்டி ஒரே நேரத்தில் தேய்த்துச் சமமாக்குங்கள். தேய்க்க பெயின்டர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர், 240, 400, 800. அதைக் கையில் பிடித்துத் தேய்க்காமல் ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிவைத்து அதன் மேல் தகட்டை ஓட்டினால்தான் ஓரம் நேராக வரும்.

உடலை அடியிலிருந்து கட்டுங்கள். கீழ்ப்பெட்டிக்கு 1.5 மி.மீ., மேல் தகடுகளுக்கு 1 மி.மீ. பெட்டிக்குள்ளே குறுக்காக நாலைந்து இடத்தில் தடுப்புச் சுவர் வையுங்கள், தடுப்பு இல்லாத பெட்டி ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு சுவரையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தரைக்கு நிலைக்கண்ணாடித் துண்டைப் போட்டு அதன் மேல் வைத்தே ஒட்டுங்கள். சாய்வுத் தகடு சேரும் இடத்தில் இரண்டு ஓரத்தையும் பாதிப் பாதியாகச் சாய்வாகச் சீவினால்தான் மூலை கூர்மையாக வரும், சீவாமல் மேலே ஏற்றி ஒட்டினால் உங்கள் தகட்டின் கனம் அளவைக் கூட்டிவிடும். மூடிய பெட்டிக்கு அடியில் தெரியாத இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று கட்டாயம் போடுங்கள். பசையின் ஆவி உள்ளே அடைந்தால் தகடு நாளடைவில் இளகிக் குழி விழும், பெயின்ட் அடித்த பிறகு விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மொட்டை மாடி வெயிலில் காய வைக்க ஆசைப்படாதீர்கள், ஒரு இரவு மேசையிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது சக்கரம். மாடல் நன்றாக இருப்பதும் இல்லாததும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒரு பக்கம் ஆறு, ஒவ்வொன்றும் இரட்டைச் சக்கரம், ஆக மொத்தம் 24 வட்டத் தகடு. இருபத்து நான்கையும் கையால் செய்தால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒரே ஒரு மாதிரிச் சக்கரத்தை மிகச் சுத்தமாகச் செய்து, அச்செடுத்து, ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி செய்ய, வட்டத் தகடுகளை ஒரு போல்ட்டில் கோத்து நட்டு போட்டு இறுக்கி, கை டிரில்லில் மாட்டிச் சுற்ற விட்டு வாட்டர் பேப்பரைக் காட்டினால் லேத்தில் கடைந்த மாதிரி வட்டம் வரும். ரப்பர் டயர் தனி வளையம், நடு மூடி தனி வட்டம். சுற்றியுள்ள போல்ட்டுகளைப் படத்தில் எண்ணி, வட்டத்தை அத்தனை பங்காகப் பிரித்த காகிதத்தை அடியில் வைத்து ஒட்டுங்கள். உள்பக்கச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் போல்ட் இல்லாத எளிய மாதிரி ஒன்று போதும். பல்சக்கரம், ஐட்லர், மேல் உருளை இவற்றுக்கும் ஒவ்வொரு மாதிரி.

அச்சுக்கு மாதிரியை ஒரு தட்டில் ஒட்டி, சுற்றிச் சுவர் கட்டி, சிலிக்கான் ரப்பரை முதலில் தூரிகையால் மெல்லப் பூசி, அப்புறம் உயரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு மூலையில் ஊற்றுங்கள், குமிழ் தங்காது. சுவருக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும், சில களிமண்ணில் கந்தகம் இருக்கும், அது பட்ட இடத்தில் பிளாட்டினம் வகை சிலிக்கான் இறுகாமலே கிடக்கும். ரெசினில் இரண்டு திரவத்தையும் எடையில் அளப்பதா கொள்ளளவில் அளப்பதா என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். என் முதல் வார்ப்பு மூன்று நாள் ஆகியும் பிசுபிசுப்பாகவே இருந்தது, எடையில் அளக்க வேண்டியதை நான் மருந்து மூடியில் ஊற்றி அளந்திருந்தேன். இறுகிய ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் நனைத்தே தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டில் 3டி பிரின்டர் இருந்தால் சக்கரத்தை அதில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஒரே பொருளை 24 முறை செய்வதில் கைவண்ணம் காட்ட ஒன்றுமில்லை. உடலையும் டரட்டையும் மட்டும் தகட்டிலேயே கட்டுங்கள் என்று கேட்டுக்கொள்வேன், அந்த வேலையில்தான் வண்டி உங்கள் கைக்குப் பழகும்.

சக்கரங்களை மாட்டும்போது முதல் சக்கர மையத்திலிருந்து ஆறாவது சக்கர மையம் வரை 122 மி.மீ. வருகிறதா பாருங்கள். இடையில் உள்ள நான்கும் சம இடைவெளி என்று நினைத்துப் பிரித்துவிடாமல் படத்தில் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து துளை போடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் துளை போட ஒரே அட்டை அச்சைத்தான் பயன்படுத்த வேண்டும். மாட்டி முடித்துக் கண்ணாடி மேல் வைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றின் கீழே காகிதம் தடையில்லாமல் போய் வந்தால் பசை காய்வதற்குள் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

சங்கிலி பொறுமை கேட்கும் வேலை. படத்தில் பத்துக் கண்ணியின் நீளத்தைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்தால் ஒரு கண்ணியின் அளவு துல்லியமாகக் கிடைக்கும், ஒற்றைக் கண்ணியை அளந்தால் பிழை பெரிதாகும். ஐந்து கண்ணி சேர்ந்த ஒரு துண்டை ஸ்டைரீன் கீற்றுகளில் செய்து, அதை அச்செடுத்து வார்த்து, தரையில் படும் பகுதிக்கும் மேல் பகுதிக்கும் துண்டு துண்டாக ஒட்டுங்கள். பல்சக்கரத்தையும் ஐட்லரையும் சுற்றும் இடத்தில் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி வளைக்க வேண்டும். மேலே உருளைக்கும் உருளைக்கும் நடுவே சங்கிலி தன் எடையில் லேசாகத் தொய்ந்திருக்கும். உண்மையில் இது எஃகு, டன் கணக்கில் எடை, விறைப்பாக நேர்க்கோட்டில் நின்றால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பொம்மை என்று பட்டுவிடும்.

இப்போது டரட். அட்டை மாதிரியிலிருந்து தகடு வெட்டி, உள்ளே ஒரு தரைத் தகடும் நடுவே ஒரு நிமிர்ந்த தகடும் வைத்து அதைச் சுற்றிப் பக்கங்களைச் சாய்த்து ஒட்டுங்கள். வலப்பக்கம் கமாண்டர் மூடி, இடப்பக்கம் நிரப்புகிறவர் மூடி, இரண்டு பக்கமும் ஆறாறு புகைக்குண்டுக் குழாய். பீரங்கிக்குத்தான் அந்த ரேடியோ ஆன்டெனா: அதன் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறவை, மெல்லியவை, வளையாதவை. வெளி விட்டத்தைப் படத்தில் அளந்து பொருந்துகிற குழாயைத் தேர்ந்தெடுங்கள், முனையில் தெரியும் துளை 3 மி.மீ. இருக்க வேண்டும். குழலின் நடுப்பகுதியில் தடித்த உருளை மாதிரி தெரிகிறதே, அது சுட்ட பிறகு புகையை வெளியே இழுக்கும் அமைப்பு, அதற்கு அடுத்த அளவுக் குழாயில் ஒரு துண்டு வெட்டிச் செருகி, இரு முனையையும் எம்-சீலால் சரிவாக்குங்கள். ஆன்டெனாவின் பளபளப்புப் பூச்சு மேல் பெயின்ட் நிற்காது, வாட்டர் பேப்பரால் சொரசொரப்பாக்கிவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும்.

வெல்டு கோடு பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியை முடிக்க முடியாது. ஸ்டைரீன் குச்சியை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால் நூல் வரும். அந்த நூலைத் தகடு சேரும் கோட்டில் படுக்க வைத்து, மேலே மாடல் சிமென்டைத் தூரிகையால் தடவி, அரை நிமிடம் விட்டு, இளகிய நூலில் கத்தி முனையால் நெருக்க நெருக்கமாகக் குறுக்கே தட்டிக்கொண்டு போனால் வெல்டு அலை விழும். நான் முதலில் எல்லா அலையையும் ஒரே இடைவெளியில், கோட்டையும் நூல் பிடித்த மாதிரி நேராகச் செய்திருந்தேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "டேய், இது மெஷின் போட்ட மாதிரி இருக்குடா. நாங்க ராடு மாத்துற இடத்துல கொஞ்சம் மேடு விழும், அங்கிருந்து அடுத்தது ஆரம்பிக்கும், அது எங்க?" என்றார். அன்றிரவே டரட் முழுக்கச் சுரண்டி மறுபடி போட்டேன். ஒரு வெல்டிங் ராடு தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சின்ன மேடு, மூலை திரும்பும் இடத்தில் கொஞ்சம் அகலம், இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதன் பிறகு பிளாஸ்டிக் உருக்காகத் தெரிந்தது.

சின்னச் சாமான்களுக்கு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கைப்பிடிகளுக்கு 0.5 மி.மீ. செப்புக் கம்பி. இழுவை வடத்துக்கு மின்சார ஒயரின் உள்ளிழைகளை முறுக்கினால் போதும். என்ஜின் மேல் வலைக்குப் பழைய டீ வடிகட்டி. போல்ட் தலைக்கு, முனையைச் சமமாகத் தேய்த்த ஊசிக் குழாயை மெல்லிய தகட்டில் அழுத்தினால் வட்ட வில்லைகள் விழும். தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துச் சுருட்டி, காய்வதற்குள் நூலால் கட்டிவிடுங்கள்.

பெயின்டுக்கு முன் முழு வண்டியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு நாள் காயவிட்டு, சாம்பல் நிற பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. பிரைமர் அடித்ததும் அதுவரை தெரியாத இடுக்கெல்லாம் தெரியும், அடைத்துத் தேய்த்து மறுபடி அடியுங்கள், எனக்கு மூன்று சுற்று ஆனது. ஸ்பிரே வேலையை ஐப்பசி கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாதீர்கள், காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் வகைப் பெயின்ட் வெள்ளை படர்ந்து போகும். தை முதல் பங்குனி வரை, காலை பத்து மணிக்கு மேல் அடித்தால் நன்றாக வரும். ராணுவப் பச்சையை டப்பாவில் இருக்கிறபடியே அடித்தால் இந்தச் சின்ன அளவில் கறுப்பாகத் தெரியும், கொஞ்சம் மஞ்சள் கலந்து வெளுக்கச் செய்யுங்கள், வெள்ளை கலந்தால் பச்சை செத்துவிடும். படைப்பிரிவில் இருந்த வண்டியாகக் காட்டுகிறவர்கள் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அதில் இருக்கும் எண்ணையும் குறிகளையும் அப்படியே போடுங்கள், எண்ணுக்கு முன்னால் மேல்நோக்கிய அம்புக்குறியை விட்டுவிடாதீர்கள். நான் குறி எதுவும் போடவில்லை. என்னுடைய வண்டி இப்போதுதான் தொழிற்சாலையை விட்டு வந்து ஓட்டிப் பார்க்கிற வண்டி.

அதனால் அழுக்கும் குறைவு. சக்கரத்திலும் சங்கிலியிலும் மட்டும் மண், மேலே துளி தூசி. மண்ணை ஆவடியிலேயே ரோட்டோரத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, பழைய வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மாவு சலிக்கிற சல்லடையில் இரண்டு முறை சலித்தேன். வறுக்காவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். பீடத்தில் ஃபெவிகால் தடவி மண்ணைத் தூவி, அது ஈரமாக இருக்கும்போதே வண்டியை வைத்து அழுத்தி எடுத்தால் சங்கிலித் தடம் விழும், காய்ந்த பிறகு அந்தத் தடத்திலேயே வண்டியை உட்கார வைத்து, உடலின் அடியில் போட்ட துளைக்குப் பக்கத்தில் கீழிருந்து ஸ்க்ரூ முடுக்கிவிடுங்கள். பீடம் 320க்கு 150 மி.மீ. இருந்தால் பீரங்கி முனை வெளியே நீளாது. மேலே மூட அக்ரிலிக் பெட்டி சொல்லும்போது உயரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாகவே சொல்லுங்கள், வண்டியின் மேல் நிற்கும் ரேடியோ ஆன்டெனாவுக்கு இடம் வேண்டும்.